நடைபாதைக்குக் கதவு எண் ஏது?

தண்டையார்பேட்டையில் 1995இல் தொடங்கப்பட்ட கருணாலயா, வடசென்னையின் நடைபாதைகளில் வளரும் பிள்ளைகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனம். நிறுவியவர் என். பால் சுந்தர் சிங். தங்க இடம், பள்ளிப் படிப்பு, விளையாட்டு ஆகியவை அதன் பணிகளில் வெளியே தெரிபவை. இத்தகைய அமைப்புகள் செய்யும் இன்னொரு வேலை எந்தப் புகைப்படத்திலும் வராது. பிறப்புச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைவதுதான் அது. வீடில்லாத குடும்பத்துக்குச் சோற்றைவிட அரிதாகக் கிடைப்பது முகவரி.

‘வீடற்றோர்’ என்றதும் பேருந்து நிலைய பெஞ்சில் சுருண்டு கிடக்கும் தனி முதியவர் நினைவுக்கு வருவார். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, இராயபுரம் பகுதிகளின் நிலவரம் வேறு. அங்கே நடைபாதையில் இருப்பவை குடும்பங்கள். பாட்டி காலத்திலிருந்து அதே சுவரோரம் வாழ்பவை. துறைமுகம், மொத்தச் சந்தை, ரயில் நிலையம் மூன்றும் நடக்கும் தொலைவில் இருப்பதால் உருவான வாழ்க்கை இது. ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள். பெண்கள் வீட்டுவேலைக்கும், காசிமேட்டில் மீன் வெட்டவும் போகிறார்கள். கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்குள் பாய், அடுப்பு, தார்ப்பாய், தகரப்பெட்டி எல்லாம் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். வாடகை இல்லைதான். ஆனால் கழிப்பிடத்துக்குக் காசு, குளிக்கக் காசு, சில நாள் தண்ணீருக்கும் காசு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் 17.7 லட்சம் வீடற்றோரைக் காட்டியது. அவர்கள் எண்ணப்பட்டது பிப்ரவரி 28ஆம் தேதி, ஒரே இரவில். இரவு லோடு இறக்கப் போனவரும், போலீஸ் விரட்டியதால் இடம் மாறிப் படுத்தவரும் அந்தக் கணக்கில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள் என்பது ஊகத்துக்குரியது.

அரசின் பதில் காப்பகம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பிறப்பித்த உத்தரவுகளின் வழியே, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் என்ற அளவுகோல் வந்தது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது: ஆளுக்கு ஐம்பது சதுர அடி, ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்த கதவு. சென்னையில் கட்டடம் மாநகராட்சியுடையது. நடத்துவது தொண்டு நிறுவனங்கள். விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே சுமார் 67 லட்சம். அதற்கு 67 காப்பகங்கள் வேண்டும். இருப்பவை ஐம்பதை ஒட்டியே இருந்துவருகின்றன. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுடன் வருபவர்களுக்கான காப்பகங்களும் இதில் அடக்கம். நல்ல யோசனைதான் என்றாலும், அங்கே தங்குபவர்களில் பலருக்கு ஊரில் வீடு இருக்கிறது.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் காப்பகத்தின் வடிவத்தில் இருக்கிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி எனப் பிரித்தே பெரும்பாலானவை நடக்கின்றன. தனித்து விடப்பட்டவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. கணவன் ஒரு வார்டுக்கும் மனைவி இன்னொரு வார்டுக்கும் மகன் மூன்றாவது இடத்துக்கும் பிரிந்து போகச் சொன்னால் எந்தக் குடும்பம் போகும்? பிளாட்பாரத்திலேயே இருந்துவிடுகிறது. அப்படி இருந்துவிடும் குடும்பத்துக்கு, சட்டம் தரும் மற்ற உரிமைகளையாவது வாங்கிக் கொடுப்பதே தொண்டு நிறுவனத்தின் வேலையாகிறது.

இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறக்கும் நடைபாதைக் குழந்தையின் பிறப்பு மருத்துவமனையிலேயே பதிவாகிவிடும். பெயர் சேர்த்துச் சான்றிதழை வாங்கி, அதைப் பல ஆண்டுகள் மழையில் நனையாமல் காப்பாற்றுவதுதான் பாடு. நடைபாதையைச் ‘சுத்தம்’ செய்ய வரும் லாரியில் தகரப்பெட்டி போனால், குடும்பத்தின் ஆவணங்களும் அதோடு போகும். பதிவே ஆகாத பிறப்பை ஓராண்டு கடந்து பதிவு செய்ய நடுவர் உத்தரவு வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்று இல்லை என்று குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆகவே பள்ளிக்கூடம் நுழைய விடுகிறது. சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் கேட்கப்படும்போதுதான் முகவரிக் கேள்வி மறுபடி வருகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு தேர்தல் ஆணையம். வீடற்றவர் தான் படுத்துறங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். தனியாக முகவரிச் சான்று கேட்கக் கூடாது. ஓட்டுக்கு ஏற்கப்படும் நடைபாதை, மற்ற அலுவலகங்களுக்கு ஏன் ஆகாது என்று யாரும் கேட்பதில்லை.

விளையாடப் போகவும் காகிதம் வேண்டும். 2019இல் லண்டனில் தெருவோரக் குழந்தைகளுக்கான முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தபோது, கருணாலயாவின் சென்னைப் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்த தென்னிந்திய அணி, லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை வென்று கோப்பை வாங்கியது. லார்ட்ஸுக்குப் போக முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத ஆதரவற்ற குழந்தைக்கு, இல்லத் தலைவர் எழுதித் தரும் உறுதிமொழி போதும் என்று 2016 இறுதியில் விதி தளர்ந்தது. பெற்றோர் உயிரோடு நடைபாதையில் இருக்கும் குழந்தை அந்தச் சலுகைக்குள் வராது. அநாதையாக இருப்பதே காகிதத்தில் வசதி என்கிற விசித்திர நிலை.

ஆவணம் வாங்கித் தரும் இந்த உதவிக்கு எல்லை உண்டு. தொண்டு நிறுவனம் முகவரியாக நிற்கலாம், வீடாக முடியாது. வீடு தர வேண்டிய வாரியம் 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. அந்த வாரியத்துக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டம் குடிசைப் ‘பகுதி’களைப் பற்றிப் பேசுகிறது, நடைபாதை அந்தச் சொல்லுக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஒதுக்கீடு கிடைத்தாலும் அது பெரும்பாக்கத்தில் என்றால், பாரிமுனையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். விடியற்காலை மூட்டை வேலைக்கு அங்கிருந்து எந்தப் பேருந்தில் வருவது?

ஒதுக்கப்படும் வீடு தெற்கே இருக்க, இவர்களின் துறைமுக வேலையோ வடக்கே நகர்கிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி அங்கே போனது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தது. கிரேன் கன்டெய்னரைத் தூக்கும் அந்த இடங்களில் தலைச்சுமைக்கு வேலை குறைவு. அங்கே கூலிக்கு வருபவர்கள் ஒப்பந்ததாரரின் தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் கொட்டகையும் இல்லை. மாநகராட்சி எல்லை எண்ணூரோடு நின்றுவிடுகிறது. காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர் ஒன்றியத்தில் இருக்கிறது. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் இருந்தும் நிர்வாகக் கணக்கில் அது கிராமம். நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் அதனால் அங்கே செல்லாது.