யார் முறை?

வகுப்பில் கரும்பலகை துடைக்கப்படாமல் இருந்தால், "இன்று யார் முறை?" என்று கேட்கிறோம். ஒவ்வொரு மாணவனும் அடுத்தவனைச் சுட்டிக் காட்டுகிறான். பிள்ளைகளிடத்தில் இது வேடிக்கை. ஒரு தேசத்தின் ரயில்வேயே இவ்விதம் விடை கூறத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் கண்டது.

1993-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அந்நாட்டு சர்க்கார் ரயில்வே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. வண்டி ஓட்டுவோர் ஒருவர்; வண்டியை வாடகைக்குக் கொடுப்போர் மற்றொருவர். தண்டவாளம் 'ரயில்டிராக்' கம்பெனியைச் சேர்ந்தது. அதன் பங்குகள் 1996-ல் விற்பனையாயின. தண்டவாளத்தைப் பழுது பார்க்கும் வேலையோ காண்டிராக்டர்களிடம் விடப்பட்டது. இதனால் செலவு குறையும், சேவை சிறக்கும் என்றார்கள்.

2000-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி, லண்டனிலிருந்து லீட்ஸ் சென்ற வண்டி ஹாட்பீல்டு அருகே தடம் புரண்டது. நான்கு பிரயாணிகள் மாண்டனர். எழுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தண்டவாளம் பழுதுற்றிருந்தது முன்னரே தெரிந்த விஷயந்தான். மாற்றுத் தண்டவாளமும் வந்து பாதையோரத்தில் பல மாதங்களாகக் கிடந்தது. அதை எடுத்துப் பொருத்துவோரைத்தான் காணோம்!

இன்னும் எங்கெங்கே விரிசல் உண்டென்பது ரயில்டிராக்குக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆகவே நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் வண்டிகள் ஊர்ந்து சென்றன. 2001-ல் அக்கம்பெனி நொடித்தது. மறு வருஷம், பங்குதாரர்களுக்கு லாபம் பங்கிடாத 'நெட்வொர்க் ரயில்' ஸ்தாபனம் தண்டவாளங்களை ஏற்றது. பழுது பார்க்கும் வேலையைக் காண்டிராக்டர்களிடமிருந்து மீட்டுத் தானே நடத்துவதென்று 2003-ல் அது தீர்மானித்தது.

சர்க்கார் நிர்வாகத்தில் குற்றமே நேராது என்று நாம் வாதிக்கவில்லை. 1988-ல் சர்க்கார் ரயில்வே நடந்த காலத்தில், கிளாபம் விபத்தில் 35 பேர் இறந்தனர். கைகாட்டிக் கம்பிகளைச் சரியாக இணைக்காததே காரணம். ஆனால் அன்று பொறுப்பாளி யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. ரயில்வேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ரயிலாயினும், குடிதண்ணீராயினும், தெருக் குப்பையாயினும், பொதுப் பணியைக் காண்டிராக்டில் விட முற்படுவோரை நேயர்கள் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பழுதைக் கண்டறிபவர் யார்? அதை நீக்குபவர் யார்? நீக்காவிடில் ஜனங்களுக்குப் பதில் சொல்பவர் யார்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும் வரையில் கையெழுத்து ஆகக்கூடாது. மலிவு விலையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.