எச்சரிக்கை உண்டு, ஏகுமிடம் எங்கே?

பண்டத்தரிப்பில் நின்று நாற்றிசையும் நோக்கினால் கண்ணுக்கு எட்டும் உயரம் பனையே. சுண்ணாம்புக் கல்லின்மேல் செம்மண் பரந்த தட்டைப் பூமி நமது. “மலையகத்து மண்சரிவு நமக்கென்ன?” என்று அண்மையில் ஓர் அன்பர் நம்மை வினவினார். வினவியவர் படித்தவர் என்பதே நமக்கு வருத்தம்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இடிந்து லயன்களைப் புதைத்தது. மாண்டோர் தமிழ்த் தொழிலாளர். பலருடைய உடலும் கிடைத்திலது. இஃது எதிர்பாரா இடியோ? அன்று. அவ்விடத்து மக்களை அகற்றுக என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

மலை சொல்லாமற் சரிவதில்லை. மழைநீர் ஊறிக் கனத்த மண், அடியிலுள்ள பாறையின் பிடியை இழக்கிறது. நிலம் வெடிக்கும், மரங்கள் சாயும், புது ஊற்று பிறக்கும், தெளிந்த ஊற்றுக் கலங்கும். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என அளவும் வகுத்திருக்கிறார்கள். அறிவுக்குக் குறைவில்லை.

சுவிற்சர்லாந்திலும் மலைதான் எமன். அங்கே பழைய பனிப்படையின்மேல் புதுப்பனி கனக்க, இடையிலுள்ள நொய்ந்த படை முறிந்து, சரிவே வழுக்கி இறங்கும். 1951இன் குளிர்காலத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அந்நாடு அபாய வலயங்களை வரைந்தது. செவ்வலயத்திற் புதுவீடு கட்டுதல் தடை. டாவோஸ் நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவருகிறது. தமிழும் அரச கருமமொழி என்று நம் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை கூறுகிறதே; நள்ளிரவில் வரும் சிவப்பு எச்சரிக்கை, சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் லயன் வாசலை எட்டும் என்று உறுதிகூற வல்லார் யார்?

எட்டினும், எங்கே செல்வது? 1948இன் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 2003இன் சட்டம் எஞ்சியோர்க்கு அதை மீட்டது. காணியோ இன்றும் பெரும்பாலோர்க்கு இல்லை. மண் அரசினது, 1992 முதல் நிருவாகம் கம்பனிகளது, புதையும் உயிர் மட்டும் தொழிலாளியினது! வீட்டுத் திட்டத்தில் தருவதாகச் சொன்ன நிலம் ஏழு பேர்ச்சஸ். நம் கணக்கில் ஒரு பரப்புக்கும் குறைவு. அரைப் பரப்பு வேலித் தகராற்றுக்குப் பத்தாண்டு வழக்காடும் நம்மவர் (அவ்வழக்குகளால் வாழும் நாமும்) இதனைச் சிறிது எண்ணுதல் தகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. தீவெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண்சரிவே பெருங்கொலை செய்தது. மீரியபெத்தைக்குப் பின் பதினோராண்டு கழிந்திருந்தது.

நாம் கேட்பது இரக்கப் பணமன்று. அபாய வலயத்து லயன்கள் அனைத்தின் பட்டியலையும் தமிழில் வெளியிடுக. ஒவ்வொன்றுக்கும் மாற்றுக் காணியை உறுதியுடன் ஒதுக்குக. அதற்குரிய நாளைப் பாராளுமன்றத்தில் அறிவிக்குக. பண்டத்தரிப்பில் இதற்கான மனு கையொப்பத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அன்று வினவிய அன்பரும் வரட்டும். பேனா நாமே தருகிறோம்.