தும்புத்தடி யாற்ற கையில?

தைப்பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கேக்கை எங்கட வீட்டு விறாந்தை பட்டறையாகிவிடும். ஏ.எல். எழுதிவிட்டு நிற்கும் தம்பிக்கு இந்தமுறை வல்வெட்டித்துறைக் கடற்கரையில் மூங்கில் இல்லாத பட்டம் ஏற்ற ஆசை. 5 மில்லிமீற்றர் காபன் றொட்டுகள் வாங்கி வந்திருந்தான்.

முதல் றொட்டைக் குறட்டால நறுக்கினான். நுனி ஈர்க்குமாறு மாதிரிப் பிரிஞ்சு போச்சு. ஒரு சிலாம்பு பெருவிரலுக்குள்ள. இரண்டாவதைக் கிரைண்டரால் வெட்டினான். வெட்டு நல்ல சுத்தம், ஆனால் விறாந்தை முழுக்கக் கறுப்புத் தூசு. சேட்டை மூக்கில் சுற்றிக் கட்டியிருந்தவன், வேலை முடிய எழும்பிக் குளிக்கப் போய்விட்டான். தும்புத்தடியோட வந்தது அம்மா. அம்மாவுக்கு முட்டு வருத்தம்.

நான் அப்ப பக்கத்தில் கதிரையில இருந்து ஃபோன் பாத்துக்கொண்டிருந்தன். பெண்களின் ஊதியமில்லா உழைப்பைப் பற்றி அதே கிழமைதான் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தன். அம்மா இருமத் தொடங்கின பிறகுதான் எழும்பினன்.

பாதுகாப்பு எண்டால் நாங்கள் வெட்டுபவரின் விரலையும் கண்ணையும் மட்டும்தான் யோசிக்கிறம். தூசுக்கு ஆர் வெட்டினது எண்டு தெரியாது. காபன் நார் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 5 முதல் 7 மைக்ரோமீற்றர். எங்கட தலைமயிர் அதைவிடப் பத்து மடங்கு தடிப்பு. அந்த நார்களைப் பிசின்தான் ஒட்டிப் பிடிச்சு வச்சிருக்கு. குறட்டால் நசுக்கினால் பிசின் உடைந்து நார் பிரியும். கிரைண்டரால் அரைத்தால் நாரும் பிசினும் தூளாகிக் காற்றில் நிற்கும். கண்ணையும் தொண்டையையும் நெஞ்சையும் உறுத்தும். அது மின்னையும் கடத்தும், அதால மோட்டருக்கும் கூடாது. சேட்டுத் துணி இதைத் தடுக்காது. என்-95 மாஸ்க் வேணும்.

அடுத்த நாள் நானும் தம்பியும் சேர்ந்து ஒரு வெட்டுக் கட்டை செய்தம். ஒரு பலகைத் துண்டில் ஐந்தரை மில்லிமீற்றர் துளை. அதற்குக் குறுக்கே, இரும்பு வெட்டும் வாள் பிளேட் மட்டும் போற அளவுக்கு ஒரு பிளவு, கீழ்வரை. மேலே, மூடியில் ஊசியால் துளை போட்ட தண்ணிப் போத்தல். கீழே பழைய ஐஸ்கிறீம் பெட்டி. வெட்டும் இடத்தில் மாஸ்கிங் ரேப் ஒரு சுற்றுச் சுற்றி, றொட்டைத் துளைக்குள் விட்டு, நுண்பல் பிளேட்டால் மெதுவாக அறுக்க வேணும். ஒரே பக்கமாக அறுக்காமல், றொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றிவரக் கீறிவிட்டு முடித்தால் நுனி பிரியாது. தூசு தண்ணியோட பெட்டிக்குள் விழும். அது காயமுதல் பழைய துணியால ஒற்றி எடுத்து, பையில கட்டி எறிய வேணும். விறாந்தையையும் கூட்டாமல் ஈரத்துணியால துடைச்சம். இந்தமுறை துடைச்சது தம்பி.

துளைக்கு நேரே ஒரு ஆணியும் அடிச்சம், றொட் அதில் முட்டி நிக்கிறதுக்கு. எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில வந்தது. இரண்டு பக்கமும் சரியாக இல்லாத பட்டம் ஒரு பக்கம் சரியும் எண்டு பட்டம் கட்டுற எல்லாருக்கும் தெரியும். தூசுக்காகச் செய்த கட்டைதான் பட்டத்தையும் திருத்தினது.

"அதுக்கெல்லாம் மெஷின் வேணும், எங்களிட்டக் காசு இல்லை" எண்டு சொல்லுறதை இனி நான் ஏற்கமாட்டன். மாஸ்கைத் தவிர எங்களுக்குப் பெரிசாகச் செலவில்லை, ஒரு பின்னேரம்தான் போனது. உண்மையான குறை ஒன்று இருக்கு: கட்டை மெதுவானது. கிரைண்டர் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிக்கிறதுக்கு இதில பல நிமிஷம் போகும். ஆனால் நாங்கள் மிச்சம் பிடிச்ச அந்த நிமிஷங்களுக்கு இவ்வளவு நாளும் வேற ஒராள் மூச்சால விலை குடுத்திருக்கிறா.

வெல்டிங், சீமெந்து, பெயின்ற், மரத்தூள் — உங்கட வீட்டிலயும் ஏதோ ஒரு வேலை நடக்கும். தொடங்கமுதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இது முடிய ஆர் கூட்டப் போறது? பதில் "அம்மா" எண்டால், முதல் அந்தக் கட்டையைச் செய்யுங்கோ. பட்டம் பிறகு கட்டலாம்.