ஊத்தியாச்சுன்னா போதுமா?



போன தடவை வரைக்கும் இந்தத் தாளில் விடுகதை எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது வண்டி ஆயிலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். காரவள்ளியில் இருந்துகொண்டு இதை எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? நம் ஊரைத் தாண்டினால் மலை. மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. ரெண்டு பேரும் மூட்டையுமாக, ஃபர்ஸ்ட் கியரிலும் செகண்ட் கியரிலும் முக்கி முக்கி ஏறுகிற வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம்.

என் கருத்து இதுதான். ஆயில் மாற்றிய வண்டியில் அளவை நம் கண்ணால் பார்க்காமல் மலை ஏறக் கூடாது. "ஊத்தியாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று மெக்கானிக் சொல்வது போதாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் பட்டுவிட்டோம். என் அப்பா ஸ்பிளெண்டரில் தக்காளி கட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குப் போய் விற்பவர். போன வருசம் ஒரு கடையில் (பேர் வேண்டாம்) ஆயில் மாற்றினார். அங்கே ஒரே நேரத்தில் மூன்று வண்டி நின்றதாம். மூன்றாம் நாள் மலையில் பாதி தூரம் ஏறியதும் எஞ்சினில் கடகடவென்று சத்தம். அடுத்த வளைவுக்குள் இழுவை போய், அப்படியே பிடித்துக்கொண்டது. மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகமாகப் போகும்போது எஞ்சின் பிடித்தால் பின் சக்கரமும் சேர்ந்து இறுகி ஆளைத் தள்ளிவிடும்.

வேறு மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது அரை லிட்டர் ஆயில்கூட இல்லை. ஒழுக்கும் கிடையாது, புகையும் கிடையாது. "பாதி ஊத்தும்போது யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க, மீதிய மறந்திருப்பாங்க" என்றார். போர், பிஸ்டன் வேலைக்கு ஏழாயிரம் ரூபாய். அது அக்காவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம். ஃபீஸை வட்டிக்கு வாங்கிக் கட்டினோம். இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மெக்கானிக் அண்ணன்தான் எனக்கு அளவு பார்க்கக் கற்றுக் கொடுத்தார். ஸ்பிளெண்டரில் வலது பக்கம் ஆயில் மூடி இருக்கிறது. அதோடு சேர்ந்தே ஒரு குச்சி, டிப்ஸ்டிக். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பார்க்கிற முறையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புது ஆயில் ஊற்றியதும் பார்த்தால் சரியாக இருப்பது மாதிரியே தெரியும், ஏனென்றால் எல்லாம் அடியில் கிடக்கிறது. எஞ்சினை மூன்று நாலு நிமிடம் ஓடவிட்டால்தான் மேலே ஹெட் வரைக்கும் ஏறி, காலியாக இருந்த வழியெல்லாம் நிரம்பும். அணைத்த உடனேயும் பார்க்கக் கூடாது. ரெண்டு மூன்று நிமிடம் விட்டால் மேலே போன ஆயில் கீழே இறங்கிவிடும். பிறகு குச்சியைத் துணியில் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வண்டிக்கு மூடியைத் திருகக் கூடாது, சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகினால் குச்சி இன்னும் ஆழமாகப் போய், குறைவாக இருக்கிற ஆயிலையும் நிறைய இருப்பதாகக் காட்டும். மற்ற வண்டிகளுக்கு முறை மாறலாம், வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பாருங்கள். பல்சரில் குச்சிக்குப் பதிலாகச் சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, சென்டர் ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் அந்தப் பக்கம் போய்விடும். வலது பக்கத்துக் குச்சி குறைவாகக் காட்டும். "பத்தலையே" என்று இன்னும் ஊற்றிவிடுவோம். சரிவில் நிறுத்தினாலும் இதே கதைதான். மலைமேல் பல வீட்டு வாசலில் சமதரையே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், அளவு பார்க்க ஏற்ற இடம் ஏற்றம் ஆரம்பிக்கும் முன்னால் இருக்கிற நம் காரவள்ளிதான்.

"கொஞ்சம் அதிகமாவே இருக்கட்டும், நல்லதுதானே" என்பார்கள். நல்லதில்லை. அளவுக்கு மேல் போனால் உள்ளே சுற்றுகிற கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை எப்படி உராய்வைத் தடுக்கும்? மிச்சம் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறி அதை நனைக்கும், புகையும் வரும். எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று சொல்லும். ஆயிலுக்காகச் சொன்னதில்லை, ஆனாலும் பொருந்துகிறது.

இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்கும். மலை ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், காற்றும் குறைவு. அப்போது ஆயிலும் குறைந்தால் என்ன ஆகும்? கிளட்ச், கியர் எல்லாமும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன. கார் ஆயில் மிச்சம் இருக்கிறதென்று அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

(பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பருக்கு எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவார்கள், அது டூ ஸ்ட்ரோக். இப்போது வருகிற எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். என் தாத்தா இன்னமும் பெட்ரோல் பங்கில் "ஆயில் கலந்து போடுப்பா" என்கிறார்.)

"மெக்கானிக்கை நம்பலையா?" என்று சிலர் கேட்கிறார்கள். மளிகைக் கடையில் தராசைப் பார்ப்பதில்லையா? அதற்காகக் கடைக்காரர் கோபித்துக்கொள்கிறாரா? எனக்கு லைசென்ஸ் எடுக்கிற வயதாகவில்லை, வண்டி ஓட்டுவதும் இல்லை. ஆனால் குச்சியைத் துடைத்துப் பார்க்க லைசென்ஸ் எதற்கு? உங்கள் வீட்டு வண்டியிலும் நீங்களே பார்க்கலாம்.

போன வாரம் மறுபடி ஆயில் மாற்றினோம். நானும் கூடப் போயிருந்தேன். "அண்ணே, ஒரு மூணு நிமிசம் ஓடவிட்டு அளவு பார்த்துக்கலாமா?" என்று கேட்டேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஓடவிட்டு, அணைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றோம். துடைத்து விட்டு எடுத்தால், ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

— பதினோராம் வகுப்பு மாணவன்