நிறுத்திய மின்சாரத்துக்கு என்ன விலை போட்டீர்கள்?



இன்னும் எத்தனை மின்நிலையம் வேணும் என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டு கணக்குப் பார்க்கிறார்கள். மின்சாரம் பற்றாமல் போக எவ்வளவு வாய்ப்பு? போனால் நஷ்டம் எவ்வளவு? புது மின்நிலையச் செலவைவிட நஷ்டம் குறைவு என்று கணக்கு வந்தால், மின்வெட்டே மேல் என்று விட்டுவிடலாம். ஆக, அந்த நஷ்டக் கணக்கில்தான் நம்ம பிழைப்பே இருக்கிறது.

பற்றாக்குறை வாய்ப்பு 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் அளவுகோல். வருஷத்தின் 8,760 மணி நேரத்தில் இது சுமார் 17.5 மணி. கேட்க நல்லாத்தான் இருக்கு! ஆனால் இது உற்பத்திப் பற்றாக்குறைக் கணக்கு மட்டுமே. டிரான்ஸ்பார்மர் எரிந்து நாள்கணக்கில் கிடப்பதும், லோ வோல்டேஜில் மோட்டார் காயில் கருகுவதும் இதில் சேராது.

2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் எல்லோருக்கும் 24 மணி நேர மின்சாரம் என்கின்றன. கூடவே, விவசாயம் போன்ற பிரிவுகளுக்கு ஒழுங்குமுறை ஆணையம் நேரத்தைக் குறைக்கலாம் என்றும் சொல்கின்றன. முன்னமே நேரத்தைக் குறைத்துவிட்டால், அது மின்வெட்டே இல்லை என்று சொல்லிக்கலாம் அல்லவா?

"இலவச கரண்டுதானே, நின்னா என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் விவசாயிக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓட சுமார் 4 யூனிட் போதும். 10 மணி நேரத் தண்ணீருக்கு 40 யூனிட். கதிர் வெளிவரும் நேரத்தில் அந்த 40 யூனிட் கிடைக்காமல் வயல் காய்ந்தால், நெல்லு பதராகும். அப்போது நஷ்டம் 40 யூனிட்டின் விலையா, ஒரு போக விளைச்சலின் விலையா?

நம் கோரிக்கைகள்:

1. பயிரையும் பருவத்தையும் பார்த்து மின்வெட்டு நஷ்டத்தைக் கணக்கிடு!

2. மின்தடை, லோ வோல்டேஜ் நேரத்தை ஃபீடர் வாரியாக மாதாமாதம் வெளியிடு!

3. அந்தக் கணக்கை விவசாயிகள் முன்னால் வைத்துக் கருத்துக் கேட்ட பிறகே திட்டத்துக்கு ஒப்புதல் கொடு!

நாம கேட்பது சலுகை அல்ல, சரியான கணக்கு. பம்பு நின்ற நேரத்தை இன்றே நோட்டில் குறித்து வையுங்கள். ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு திரண்டு வாருங்கள்!