எழுதத் தயங்குவது ஏன்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படுகிறது. எல்லாரும் படிக்கிறோம். "நீ ஏதாவது கொடுத்தாயா?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறோம். "எனக்கு எழுத வராதப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நண்பர்களின் நோட்டுப் புத்தகங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். அங்கே கவிதை இருக்கும். பாதியில் நின்ற மாயக் கதை இருக்கும். தேர்தல் வாக்குறுதிகளைக் கிண்டல் செய்யும் நான்கு வரிகள் இருக்கும். நமக்கு எழுத வருகிறது. எழுதியதைக் காட்டத்தான் துணிவு வரவில்லை. இந்தத் தயக்கம் வேண்டாதது என்பதே என் வாதம்.

மாயக் கதை எழுதும் நண்பனுக்குள்ள தயக்கம், 'இது சிறுபிள்ளை விளையாட்டல்லவா?' என்பது. பாரதி அப்படி எண்ணவில்லை. கற்பனைத் தேரில் ஏறிக் கந்தர்வ லோகம் முதலிய உலகங்களைச் சுற்றி வரும் அவருடைய 'ஞானரதம்' 1910இல் நூலாக வந்தது. புதுமைப்பித்தனோ 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளையே சென்னைத் தெருவில் இறக்கி, ஓட்டலில் காப்பி குடிக்க வைத்தார். வானத்தில் பறக்கும் கற்பனைக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் உறவு உண்டு என்று அந்தக் கதை காட்டிவிட்டது. அறிவியல் மாணவனுக்கும் இது அயலான வேலை அன்று. 'இப்படி இருந்தால் என்ன நிகழும்?' என்ற கேள்வியில்தானே ஆய்வுக்கூடமும் தொடங்குகிறது? அறிவியல் கதைகளை வார இதழ்களின் வழியே வீடுதோறும் கொண்டு சேர்த்த சுஜாதா, திருச்சியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்தாம். நமக்குப் பொருளா இல்லை? தண்ணீரே வராத தெருக்குழாய் ஒருநாள் வாய் திறந்து பேசினால் என்ன சொல்லும்? அங்கே ஒரு கதை காத்திருக்கிறது.

கவிதை எழுதுபவருக்கு வேறொரு தயக்கம்: 'எனக்கு யாப்பு தெரியாதே!' 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஏடு புதுக்கவிதைக்கு இடம் தந்தது. 1971இல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி', விலையில்லாக் கவிமடலாக வந்து, அந்தக் கவிதையைச் சமூகத்தின் குரலாக்கியது. யாப்பு கற்பது நன்று. வெண்பா எழுதிப் பழகியவன் ஒரு சொல்லையும் வீணாக்க மாட்டான். ஆனால் கற்று முடிக்கும்வரை வாய்பொத்தி நிற்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உரைநடையை ஒடித்து அடுக்கினால் கவிதை ஆகிவிடாது. நிலவும் நெருப்பும் விடியலும் குருதியும் எல்லார் கவிதையிலும் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டன. செங்கல் சூளையில் கல் அறுக்கும் தாயின் உள்ளங்கை, இரவு கடைசிப் பேருந்தின் படிக்கட்டு, விடுதியில் ஒரே வாளிக்காகக் காத்து நிற்கும் நால்வர் - இவை இன்னும் தேயவில்லை.

அரசியல் அங்கதம் எழுதுபவரைத் தடுப்பது அச்சம். அங்கதம் நமக்குப் புதிதா? வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என்று தொல்காப்பியமே அதை இருவகையாகப் பிரிக்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாடலைப் பாருங்கள். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். கேட்பதற்குப் பாராட்டு; உள்ளே இருப்பது, 'நீ போர்க்களம் காணாதவன்' என்ற குத்தல். ஒரு வசைச்சொல் உண்டா?

பள்ளி ஆசிரியராக இருந்த கவிமணியும் அங்கதம் எழுதினார். சொத்து மகனுக்குச் சேராமல் சகோதரியின் மகனுக்குச் சேரும் வழக்கத்தை, முதிய காரணவரின் ஐந்தாம் மனைவி புலம்புவதாக எள்ளி நகையாடியது அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. அந்த வழக்கத்தை மாற்றும் சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் வந்தது. ஒரு நூல் மட்டுமே அதைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மக்கள் சிரிக்கத் தொடங்கிய வழக்கம் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே பதவியை எள்ளுங்கள், போலித்தனத்தை எள்ளுங்கள். ஒருவரின் உடற்குறையையும் பிறப்பையும் எள்ளுவது அங்கதம் ஆகாது. அது வெறும் ஏச்சு.

"எழுத்து சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம்மில் பெரும்பாலோர்க்குப் போடாது. பட்டமும் வேலையும்தாம் போடும். வேதியியல் தேர்வை விட்டுவிட்டுக் கவிதை எழுது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்பேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் இங்கே பலர். நம் முன்னோர் வாழ்க்கையை இதுவரை எழுதியவர் யார்? மனு எழுதுபவர் எழுதினார். பத்திரம் எழுதுபவர் எழுதினார். 'ஐயா அவர்கள் சமூகத்திற்கு' என்று தொடங்கும் அந்தத் தாளில் என் தாத்தாவின் துயரம் இருந்தது. அவருடைய பேச்சு இல்லை. அடியில் அவர் கைநாட்டு மட்டும் இருந்தது. அப்பா கையெழுத்துப் போடக் கற்றார். அவர்கள் பேச்சைத் தாளில் ஏற்றும் வாய்ப்பு முதன்முதலாக என் கைக்கு வந்திருக்கிறது. நாம் எழுதாவிட்டால் அந்தப் பேச்சு அவர்களோடு போய்விடும். எழுத்து பரம்பரைச் சொத்தும் அன்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன் 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார்.

எனவே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு கையெழுத்து ஏடு தொடங்குவோம். எத்துறை மாணவரும் எழுதட்டும்; பெயர் சொல்ல முடியாதவர் புனைபெயரில் எழுதட்டும். நண்பன் எழுதியதைப் படித்துவிட்டு 'அருமை' என்ற ஒரே சொல்லில் தட்டிக்கழிக்காமல், எந்த வரி பிடித்தது, எந்த இடம் புரியவில்லை என்று சொல்வோம். பேராசிரியப் பெருமக்களே! சந்திப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழியுங்கள். எங்களுக்கு அது வேண்டும். கூடவே ஓரத்தில், 'அடுத்து என்ன எழுதப் போகிறாய்?' என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

நண்பர்களே! எழுதுங்கள், காட்டுங்கள், திருத்துங்கள், மீண்டும் எழுதுங்கள். நம் வீட்டுக் கதையை இனியும் வேறொருவர் எழுதித் தர வேண்டாம்.