சாக்ரடீஸ் அடங்கிப் போனவரா?

1956-இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ படத்தில் ஒரு நாடகக் காட்சி உண்டு. மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக நின்று, விஷக் கோப்பையை வாங்கிக் குடிப்பார். பள்ளி ஆண்டு விழாக்களில் அந்தக் காட்சியை நடித்துக் கைதட்டு வாங்கிய பிள்ளைகள் பல தலைமுறை. ஏதென்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவருக்கும் சாக்ரடீஸ் விஷம் குடித்த கதை தெரியும்.

கதையோடு ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டது. தீர்ப்பு அநியாயம் என்று தெரிந்தும் அவர் தப்பி ஓடவில்லை. ஆகவே சட்டம் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதுதான் அவர் உயிரைக் கொடுத்துச் சொன்ன பாடம் என்கிறார்கள். நீதிபோதனை வகுப்பில் சொல்லும்போது இது வெறும் அறிவுரை. நிலமோ வேலையோ பறிபோகும் நிலையில் இருப்பவரிடம் சொல்லும்போது இது ஒரு பூட்டு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் உத்தனப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது சிப்காட் தொழிற்பேட்டைக்காக உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளின் விளைநிலங்களை எடுக்கக் கூடாது என்று 2023-இல் அங்கே விவசாயிகள் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ‘சட்டப்படிதானே எடுக்கிறார்கள், அப்புறம் என்ன?’ என்ற பேச்சு கட்டாயம் எழும். அந்தப் பேச்சுக்கு சாக்ரடீஸைச் சாட்சிக்கு அழைக்க முடியுமா? முடியாது. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதி வைத்ததைப் படித்தால் சாட்சி எதிர்த் தரப்புக்குத்தான் போகிறது.

சாக்ரடீஸ் எப்போதும் சட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் கீழ்ப்படிந்தார் என்பது முதல் கூற்று. கி.மு. 399-இல், ஏறத்தாழ 70 வயதில், அவர் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நின்றார். குற்றம் சாட்டியவர்கள் மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கோன் என்ற மூவர். நகரம் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். அவருடைய எதிர்வாதத்தைப் பதிவு செய்திருக்கும் பிளேட்டோவின் ‘அப்பாலஜி’யில் நடுவர்களை நோக்கி அவர் சொல்வதன் சாரம் இது: இனித் தத்துவ விசாரணை செய்யாதே, அந்த நிபந்தனையில் உன்னை விட்டுவிடுகிறோம் என்று நீங்கள் சொன்னாலும் நான் உங்களுக்கு அடங்க மாட்டேன், கடவுளுக்கே அடங்குவேன், மூச்சு உள்ளவரை தெருவில் நின்று கேள்வி கேட்பேன்.

கொடுங்கோலன் ஒருவனைப் பார்த்துச் சொன்னதா இது? ஏதென்ஸ் மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட, சட்டபூர்வமான நடுவர் மன்றத்தின் முகத்துக்கு நேரே சொன்னது. தண்டனை வருவதற்கு முன்பே, வரப்போகும் ஓர் உத்தரவை மீறுவேன் என்று அறிவித்துவிட்டார்.

அதற்கு முன்னும் மீறியிருக்கிறார். கி.மு. 404-இல் முப்பது பேர் கொண்ட கும்பல் ஏதென்ஸின் ஆட்சியைப் பிடித்தது. சலாமிஸ் தீவுக்குப் போய் லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வரும்படி சாக்ரடீஸுக்கும் வேறு நால்வருக்கும் அந்தக் கும்பல் உத்தரவிட்டது. நால்வர் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். கி.மு. 406-இல் வேறு விதம். ஆர்கினூசே கடற்போருக்குப் பிறகு, கடலில் தத்தளித்த வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று தளபதிகளை ஒரே மொத்தமாக விசாரித்துத் தீர்ப்பளிக்கக் கூட்டம் கூச்சலிட்டது. ஆளாளுக்குத் தனித்தனி விசாரணை என்பது சட்டம். அன்று சபைப் பொறுப்பில் இருந்த சாக்ரடீஸ், சட்டத்துக்கு மாறாக எதையும் செய்ய மாட்டேன் என்று எதிர்த்து நின்றார். கூட்டம்தான் வென்றது, ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள்.

மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரே கோடு ஓடுகிறது. சபை சொன்னாலும், ஆள்கிறவன் சொன்னாலும், நடுவர் மன்றமே சொன்னாலும், அநியாயத்துக்கு அவர் கை கொடுக்கவில்லை.

தீர்ப்பை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றார் என்பது அடுத்த கூற்று. இது எப்படிப் பரவியது என்பதே வியப்பு. குற்றவாளி என்று முடிவானதும், என்ன தண்டனை தகும் என்று அவரே சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. நகரத்துக்கு நான் செய்த சேவைக்கு, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்குக் கொடுப்பதுபோல் பொதுமண்டபத்தில் காலமெல்லாம் இலவசச் சாப்பாடு போடுங்கள் என்றார். பிறகு ஒரு மினா வெள்ளி அபராதம் என்றார். பிளேட்டோவும் கிரிட்டோவும் மற்ற நண்பர்களும் பிணை நிற்க, 30 மினா வரை ஏறினார். தம் மூன்று பிள்ளைகளையும் நீதிமன்றத்துக்கு அழைத்து வந்து அழ வைக்க மறுத்தார். முக்கியமான ஒன்றை இங்கே பலர் தவறவிடுகிறார்கள். உயிர் போகிற வழக்கை ஒரே நாளில் முடிக்கும் ஏதென்ஸின் நடைமுறையையே அவர் குறை சொன்னார்; மற்ற ஊர்களைப் போல இங்கும் பல நாள் விசாரணை இருந்திருந்தால் உங்களை நம்ப வைத்திருப்பேன் என்றார். சட்டத்தின் குறையை, அந்தச் சட்டத்தின் கீழ் நின்றுகொண்டே எடுத்துச் சொன்னவர் அவர். முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று அவர் சொன்னதாகவும் பிளேட்டோ எழுதுகிறார். நகரம் ஒரே குரலில் அவரைத் தள்ளிவிடவில்லை.

கடினமான இடம் பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ உரையாடல். மறுப்பு எழுதுகிறவர் இதைத் தாண்டிக் குதித்து ஓடக் கூடாது. டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை ஏதென்ஸில் யாரையும் கொல்லக் கூடாது என்பது வழக்கம். அதனால் சாக்ரடீஸ் பல நாள் சிறையில் காத்திருந்தார். விடியுமுன் கிரிட்டோ வந்தார்: பணம் தயார், காவலைச் சரிக்கட்டலாம், தெசலியில் தங்க இடம் இருக்கிறது, கிளம்பு. சாக்ரடீஸ் மறுத்தார். நகரத்தின் சட்டங்களே எதிரில் வந்து தம்மிடம் வாதாடுவதுபோல் பேசினார்: உன்னைப் பெற்று வளர்த்தவர்கள் நாங்கள், ஒரு நகரம் தன் தீர்ப்புகள் செல்லாமல் போனால் எப்படி நிற்கும்? நகரத்தைத் தாய் தந்தைக்கு மேலாக வைக்கும் அந்த வாதத்தை இன்று அப்படியே ஏற்க முடியாது. ஏற்கவும் வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டங்கள் குடிமகனுக்கு இரண்டு வழி வைக்கின்றன: ஒன்று, எங்கள்மேல் தவறிருந்தால் பேசி எங்களைச் சம்மதிக்க வை, இல்லையேல் கீழ்ப்படி. முதல் வழியை அறுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டுவதுதான் இந்தப் பாடத்தில் நடந்திருக்கும் மோசடி. உரையாடலின் முடிவில் அதே சட்டங்கள், நீ அநியாயம் இழைக்கப்பட்டவனாகத்தான் போகிறாய், ஆனால் அதை உனக்குச் செய்தது நாங்கள் இல்லை, மனிதர்கள் என்றும் ஒப்புக்கொள்கின்றன. தீர்ப்பு சரி என்று எங்கும் சொல்லப்படவில்லை. அவர் ஏற்றது தண்டனையை. அநியாயத்தைச் செய்யச் சொன்னால் மறுப்பது, தன்மேல் அநியாயம் விழுந்தால் லஞ்சம் கொடுத்து இருட்டில் நழுவாமல் நிற்பது: இரண்டும் ஒருவரிடமே இருந்தன.

பேசிச் சம்மதிக்க வைப்பது உயிருள்ள வழி என்பதற்குத் தமிழ்நாட்டு நிலச் சட்டமே சாட்சி. தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில உரிமையாளருக்கு ஆட்சேபம் சொல்லும் உரிமை உண்டு. 2013-இல் மத்திய அரசு புதிய நிலச் சட்டம் கொண்டுவந்த பிறகு, மாநிலச் சட்டம் செல்லுமா என்ற வழக்கில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்கில் தோற்றவர்களும் சட்டத்தை அவமதித்தவர்கள் ஆகிவிடவில்லை. உத்தனப்பள்ளியில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்ததும் சட்டத்தோடு பேசுவதுதான்.

வயதாகிவிட்டது, சாக விரும்பினார், அவ்வளவுதான் என்று சிலர் முடித்துவிடுவார்கள். முதுமையின் துன்பங்களைவிடச் சாவு மேல் என்று சாக்ரடீஸ் நினைத்ததாக எழுதியவர் அவருடைய இன்னொரு மாணவர் ஸெனஃபோன். விசாரணை நடந்த காலத்தில் அவர் கூலிப்படையோடு ஆசியாவில் இருந்தார். பிளேட்டோவின் ‘ஃபீடோ’விலோ, மனிதன் தன் உயிரைத் தானே எடுக்கக் கூடாது என்று வாதிடுவதே சாக்ரடீஸ்தான். இதற்கு மேல் இந்தக் கூற்றுக்கு இடம் தர வேண்டியதில்லை.

அடக்கத்தின் பாடமாக இந்தக் கதை இருந்திருந்தால், அதிகாரத்தில் இருந்தவர்கள் அதை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1908 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் முதல்முறை சிறை போய் வந்த காந்தி, அதே ஆண்டு ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் சாக்ரடீஸின் நீதிமன்ற உரையைக் குஜராத்தியில் தொடராக எழுதினார். சாக்ரடீஸைச் சத்தியத்தின் வீரர் என்றார். 1910-இல் பம்பாய் அரசு ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலைத் தடை செய்தபோது இந்த உரையின் சிறு பிரசுரத்தையும் சேர்த்தே தடை செய்தது. விஷம் குடித்த கிழவரின் பேச்சு குடிமக்களை எந்தப் பக்கம் திருப்பும் என்று அந்த அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

காந்தியோடு அங்கே நின்றவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சட்டத்தை மீறிக் கடுங்காவல் சிறைக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல், 16 வயதில் இறந்தாள். சிறை போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றாள். சட்டத்தை மீறியதும் அவள்தான், தண்டனைக்கு ஒளியாமல் நின்றதும் அவள்தான். 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கடிதம் எழுதிய மார்ட்டின் லூதர் கிங்கும் சாக்ரடீஸைச் சட்ட மறுப்பாளர் வரிசையில்தான் வைத்தார்.

உத்தனப்பள்ளி இருக்கும் ஓசூர் வட்டாரத்துக்கே உரிய சாட்சியும் ஒருவர் இருக்கிறார். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சாக்ரடீஸைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதியவர். தடை உத்தரவை மீறி 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளி, மறுபடியும் சிறைக்குப் போனார். சாக்ரடீஸைப் படித்துவிட்டு அவர் உப்புச் சட்டத்துக்கு அடங்கிப் போகவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகளில் இந்தக் கதையைச் சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஷக் கோப்பையைக் காட்டுவதற்கு முன், அடங்க மாட்டேன் என்று அந்தக் கிழவர் நடுவர்களிடம் சொன்ன இடத்தையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.